திருக்கோவலூர் காட்டும் குலமுறை
– ப்ரஜாபதிகளின் வம்சமும் இடைகழியில் கிடைத்த உறவும் –

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியோரைச் சேவித்து அபிவாதனம் சொல்லும்போது நம்மில் பலர் இன்ன ரிஷிகளின் வழியில் வந்தவன், இன்ன கோத்ரத்தான் என்று விண்ணப்பம் செய்கிறோம். அடுத்த கணமே ஆசார்யன் திருமுன்பே நின்று "அடியேன் ராமாநுஜ தாஸன்" என்கிறோம். முதலாவது, உடம்பு வந்த வழியைச் சொல்லுகிறது. இரண்டாவது, ஆத்மா யாருக்கு உரியது என்பதைச் சொல்லுகிறது. நாவுக்கு இரண்டும் பழகிப்போனபடியால், இவற்றுள் எது நம் பெயர், எது நம் முகவரி என்று நாம் நின்று சிந்திப்பதில்லை.

அயல்நாடுகளில் வளரும் நம் குழந்தைகள் சிந்திக்கிறார்கள். "காச்யபர் ஒருவரிடமிருந்து பறவையும் பாம்பும் பசுவும் பிறந்தன என்றால் அதன் பொருள் என்ன? நாம் ரிஷிகளின் பிள்ளைகள் என்றால் மற்றவர்கள் யாருடைய பிள்ளைகள்?" என்று கேட்கிறார்கள். இக்கேள்விகளை அதட்டி அடக்குவது அழகன்று. நம் பூர்வாசார்யர்கள் இவற்றுக்கு விடை வைத்தே போயிருக்கிறார்கள். அவ்விடையைத் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருக்கோவலூர் செல்லும் யாத்ரையோடு சேர்த்து இப்பாடத்தில் அநுஸந்திப்போம்.

1. புராணம் பிறந்த விதம்

ப்ரஜாபதிகளின் வம்சங்களை விரித்துரைக்கும் நூல்களுள் நம் ஸம்ப்ரதாயத்தில் தனிச்சிறப்புடையது ஸ்ரீவிஷ்ணு புராணம். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இதனைப் பலகால் ப்ரமாணமாக எடுத்தாண்டார். எங்களாழ்வான் இதற்கு விஷ்ணுசித்தீயம் என்னும் வ்யாக்யானம் அருளினார். சித், அசித், ஈச்வரன் என்னும் தத்வங்களை உள்ளபடி காட்டிக்கொடுத்த வள்ளன்மைக்காக ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தின் தொடக்கத்தில் பராசர மஹர்ஷியை வணங்கினார். அந்நன்றி உலகில் நிலைக்கவேண்டும் என்னும் அவர் திருவுள்ளத்தை நிறைவேற்றவே கூரத்தாழ்வானின் திருக்குமாரருக்குப் பராசரர் என்னும் திருநாமம் சாற்றப்பட்டது. அவரே பராசர பட்டர்.

இப்புராணம் எப்படிப் பிறந்தது என்பதைப் பராசரரே மைத்ரேயருக்குச் சொல்லுகிறார். வஸிஷ்டரின் குமாரர் சக்தி. சக்தியின் குமாரர் பராசரர். விச்வாமித்ரர் ஏவிய அரக்கன் ஒருவன் தம் தந்தையை விழுங்கினான் என்று கேள்வியுற்ற பராசரர், அரக்கர் குலத்தையே அழிக்க ஒரு வேள்வியைத் தொடங்கினார். நூறுநூறாக அரக்கர்கள் அவ்வேள்வித் தீயில் வீழ்ந்தனர். அப்போது பாட்டனாரான வஸிஷ்டர் தடுத்தார். மகனை இழந்தவர் அவர்; எனினும், குற்றமற்ற அரக்கரை எரிப்பதில் பயனில்லை, சினம் தவத்தையும் புகழையும் அழிக்கும், பொறுமையே நல்லோரின் பலம் என்னும் கருத்தில் உபதேசித்தார். பராசரர் உடனே வேள்வியை நிறுத்தினார்.

அவ்வேளையில் அங்கு எழுந்தருளியவர் புலஸ்த்யர். அவர் ப்ரஹ்மாவின் புத்ரர், அரக்கர் குலத்துக்கு முன்னோர். தம் சந்ததியைச் சுட்டெரித்துக்கொண்டிருந்தவரிடம் அவர் கோபம் கொள்ளவில்லை. பெரும்பகை இருந்தும் பெரியோர் சொற்கேட்டுப் பொறுத்தாயே என்று உகந்து, புராண ஸம்ஹிதையை இயற்றும் ஆற்றலையும் பரதேவதையின் உண்மையை அறியும் ஞானத்தையும் வரமாக அருளினார்.

இங்கே அறியவேண்டுவது யாதெனில், உயிர்க்குலங்களின் வரலாற்றைச் சொல்லும் நூல், ஒரு குலத்தை அழிக்க மூண்ட தீ அணைந்த இடத்தில் பிறந்தது. குலப்பெருமை பேசுவதற்காகவோ குலப்பகை வளர்ப்பதற்காகவோ அதனை ஒருவர் படித்தால், நூல் பிறந்த காரணத்தையே மறந்தவர் ஆவார்.

2. படைப்பு இருவகை

இனி, படைப்பைப் பற்றிய அடிப்படைக் கருத்து ஒன்று. நம் ஆசார்யர்கள் ஸ்ருஷ்டியை ஸமஷ்டி, வ்யஷ்டி என இரண்டாகப் பிரிப்பர். மூலப்ரக்ருதியிலிருந்து மஹான், அஹங்காரம், பூதங்கள் முதலியவற்றை உண்டாக்கி, அண்டத்தையும் அதனுள் நான்முகனையும் தோற்றுவிப்பது வரை எம்பெருமான் தானே நேராகச் செய்வது ஸமஷ்டி ஸ்ருஷ்டி. அதன்பின் நான்முகனையும் ப்ரஜாபதிகளையும் முன்னிட்டு, அவர்களுக்குள் அந்தர்யாமியாய் நின்று, தேவ மநுஷ்ய திர்யக் ஸ்தாவரங்களாகிய நால்வகை உடல்களை உண்டாக்குவது வ்யஷ்டி ஸ்ருஷ்டி. ரிஷிகளின் வம்சாவளி இந்த இரண்டாவதைச் சேர்ந்தது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பக்கத்தில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உண்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மஹேந்த்ரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து ப்ரஹ்மா, ஈச்வரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி இதனைச் செய்தேன் என்று அங்குள்ள ஸம்ஸ்க்ருதக் கல்வெட்டில் அவன் பெருமிதம் கொள்ளுகிறான். பெருமிதம் தகும். ஆயினும் அம்மன்னனுக்குப் பாறை வேண்டியிருந்தது, உளி வேண்டியிருந்தது, சிற்பியின் கை வேண்டியிருந்தது. எம்பெருமானுக்கோ பாறையும் தானே, உளியும் தானே, சிற்பியும் தானே. சிதசித்துக்களைத் தனக்கு உடலாகக் கொண்டவனாகையாலே, உபாதானம், ஸஹகாரி, நிமித்தம் என்னும் மூவகைக் காரணமும் அவனே என்று நம் தர்சனம் கூறும். ப்ரஜாபதிகள் அவன் கையில் உளி போன்றவர்கள். உளியைப் போற்றலாம், ஆனால் படைப்பு உளியினுடையது என்று மயங்கலாகாது.

மற்றொன்றும் உண்டு. ஜீவாத்மா நித்யன், அவன் பிறப்பதும் இல்லை, இறப்பதும் இல்லை. ஆகவே உயிர்களின் தோற்றம் என்று புராணம் சொல்லுமிடமெல்லாம் உடலோடு கூடுதலையே கொள்ளவேண்டும். எந்த உடல் யாருக்கு என்பது அவரவர் அநாதி கர்மத்தால் அமைவது. இதனாலேயே எம்பெருமானுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் இல்லை என்று ப்ரஹ்மஸூத்ரம் நிலைநாட்டிற்று. காச்யபர் வழியில் ஒருயிர் பறவையாகவும் மற்றோருயிர் தேவனாகவும் வந்தது என்றால், உடல்களுக்கே அந்த ஏற்றத்தாழ்வு. ஆத்ம ஸ்வரூபத்தில் இருவரும் ஞானாநந்த வடிவினரே, எம்பெருமானுக்கு சேஷபூதரே. குழந்தைகளுக்கு விடை சொல்லுமிடத்தில் முதலில் சொல்லவேண்டியது இது. உடலின் வரலாற்றை ஆராயும் கலைகள் தம் வழியில் ஆராயட்டும்; இங்கே சாஸ்த்ரம் உணர்த்தவந்தது, எவ்வுடலில் இருப்பினும் உயிர்களுக்குத் தம்முள்ளும் எம்பெருமானோடும் உள்ள உறவு.

3. தக்ஷனின் பெண்களும் காச்யபரின் குடும்பமும்

ஸ்ரீவிஷ்ணு புராணத்தின்படி ப்ரஹ்மாவின் மனத்தில் தோன்றியவர்கள் பிருகு, புலஸ்த்யர், புலஹர், க்ரது, அங்கிரஸ், மரீசி, தக்ஷர், அத்ரி, வஸிஷ்டர் என ஒன்பதின்மர். இவர்களுள் மரீசியின் குமாரர் காச்யபர்.

தக்ஷர் முதலில் ஆண்மக்களைப் பெற்று உலகை நிறைக்க முயன்றார். ஹர்யச்வர் எனப்பட்ட 5000 பேரை நாரதர் வந்து, பூமியின் எல்லையே அறியாமல் எப்படிப் படைப்பீர்கள் என்று கேட்டுத் திசைகளுக்கு அனுப்பிவிட்டார். பின்னர்ப் பிறந்த சபலாச்வர் 1000 பேரும் தமையன்மார் சென்ற வழியே சென்றனர். கடலுட் சென்ற ஆறுகள்போல் அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் தக்ஷர் 60 பெண்களைப் பெற்றார். தர்மனுக்குப் 10, காச்யபருக்கு 13, ஸோமனுக்கு 27, அரிஷ்டநேமிக்கு 4, பஹுபுத்ரருக்கு 2, அங்கிரஸுக்கு 2, க்ருசாச்வருக்கு 2 என்று அவர்களை மணம் செய்து கொடுத்தார்.

காச்யபரின் பத்னிகளில் அதிதி ஆதித்யர்களையும், திதி தைத்யர்களையும், தனு தானவர்களையும் பெற்றனர். விநதைக்கு அருணனும் கருடனும், கத்ருவுக்கு சேஷன், வாஸுகி, தக்ஷகன் முதலான நாகங்கள், ஸுரபிக்குப் பசுக்களும் எருமைகளும், அரிஷ்டைக்குக் கந்தர்வர்கள், முநி என்பவளுக்கு அப்ஸரஸ்ஸுகள், கஸைக்கு யக்ஷ ராக்ஷஸர்கள். தாம்ரையின் பெண்கள் வழியே கிளி, காக்கை, ஆந்தை, பருந்து, கழுகு, நீர்ப்பறவைகள், குதிரை, ஒட்டகம், கழுதை ஆகியன. இரை என்பவள் மரம், கொடி, புதர், புல் ஆகிய அனைத்துக்கும் தாய்.

இவ்விடத்தில் திண்டிவனத்தை நினைக்கலாம். திந்த்ரிணீ என்றால் புளியமரம். திந்த்ரிணீ வனமே திண்டிவனமாயிற்று என்பர். அவ்வழியே செல்லும் ஸ்ரீவைஷ்ணவனுக்குப் புளியமரத்தைக் கண்டால் திருக்குருகூர் நினைவு வாராதிருக்குமோ? நம்மாழ்வாருக்கு நிழல் தந்து நின்ற திருப்புளியாழ்வாரைத் திருவனந்தாழ்வானின் வடிவமாகவே பெரியோர் போற்றுகின்றனர். புராணக் கணக்கில் மரம் இரையின் பிள்ளை, நாகம் கத்ருவின் பிள்ளை. இருவருக்கும் தந்தை ஒருவரே. திருவனந்தாழ்வானும் பெரிய திருவடியும் நித்யஸூரிகள். அவர்கள் காச்யபர் வழியில் தோன்றியது நம்மைப்போல் கர்மத்தால் பிறந்த பிறப்பன்று, எம்பெருமான் அவதரிக்குமாப்போலே கொண்ட திருவவதாரம். கைங்கர்யம் செய்வதற்கு மரமாய் நிற்பதும் அவர்களுக்கு உகப்பே. எவ்வுடல் என்பதில் அவர்களுக்கு இளப்பம் தோன்றவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஸ்ரீராமாயணத்தில் காச்யபரின் பத்னிகள் எண்மர் என்றிருக்கிறதே, இங்கே பதின்மூவரா? தக்ஷர் ஓரிடத்தில் ப்ரஹ்மாவின் கட்டைவிரலில் பிறந்தவர்; வேறோரிடத்தில் ப்ரசேதஸ்ஸுகளின் மகன். எது உண்மை? இந்த இரண்டாவது ஐயத்தை மைத்ரேயரே கேட்டார். பிறப்பும் ஒடுக்கமும் உயிர்களுக்கு எப்போதும் உள்ளவை. தக்ஷர் முதலியோர் யுகந்தோறும் தோன்றுகின்றனர். அறிந்தவர் இதில் மயங்கார் என்பது பராசரரின் விடை. ஒரு நாடகம் பலமுறை அரங்கேறும்போது வேடங்கள் அவையே, வரிசை சற்றே மாறலாம். பட்டியலின் எண்ணிக்கையில் வாதம் செய்து காலம் போக்காமல், எல்லாப் பட்டியல்களும் சொல்லும் பொதுப்பொருளைப் பிடித்துக்கொள்ளுதல் நன்று.

4. ஒரு கழுகு சொன்ன பாடம்

அப்பொதுப்பொருளை ஸ்ரீராமாயணத்தில் உபதேசிப்பவர் யார்? வஸிஷ்டரோ அகஸ்த்யரோ அல்லர். ஆரண்ய காண்டத்தில் பஞ்சவடிக்குப் போகும் வழியில் பெருமாள் பேருருவம் கொண்ட ஒரு கழுகைக் கண்டார். அரக்கனோ என்று ஐயுற்று, நீ யார் என்று வினவினார். அக்கழுகரசர் ஜடாயு, உன் தந்தையின் நண்பன் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு, அதன்பின் கர்தமர் தொடங்கிக் காச்யபர் ஈறாகப் ப்ரஜாபதிகளை வரிசையாகக் கூறினார். காச்யபரின் பத்னியர் எண்மரையும், அவர்களிடமிருந்து தேவர், அசுரர், பறவை, விலங்கு, மநுஷ்யர், மரங்கள் பிறந்ததையும் சொன்னார். விநதையின் மகன் அருணன். அருணனின் மகன் தான் என்று முடித்தார்.

பெருமாள் கேட்டது ஒருவரின் பெயரும் குலமும். ஜடாயு சொன்னது உலகத்தின் குலமுறை முழுதும். ஏன்? இக்ஷ்வாகு வம்சத்தின் வரிசையைப் பாலகாண்டத்தில் வஸிஷ்டர் சொல்லுமிடத்தைச் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். ப்ரஹ்மா, மரீசி, காச்யபர், விவஸ்வான், மநு, இக்ஷ்வாகு என்று அவ்வரிசை செல்லும். கழுகின் மூதாதையும் காச்யபர். சக்ரவர்த்தித் திருமகனின் மூதாதையும் காச்யபர். நட்பினால் தந்தை முறை, குலத்தினாலும் உறவு. வெறும் கழுகு என்று தள்ளாதே, உன்னைச் சேர்ந்தவன் என்று கொள் என்பதே அந்நெடிய மொழியின் உட்பொருள்.

அவ்வுறவு சொல்லளவில் நிற்கவில்லை. பிராட்டியை மீட்கப் பொருது சிறகிழந்து வீழ்ந்த ஜடாயுவுக்குப் பெருமாள் தம் திருக்கையால் தீயிட்டு, நீர்க்கடன் செய்து, உயர்ந்த உலகமும் அருளினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியும் குடந்தைக்கு அருகிலுள்ள புள்ளம்பூதங்குடியும் இன்றளவும் இதனை நினைவூட்டி நிற்கின்றன.

5. மாவலியின் முன் நின்ற மூதாதை

இப்போது திருக்கோவலூருக்கு வருவோம். விழுப்புரத்துக்கு மேற்கே, தென்பெண்ணையின் தென்கரையில் இத்திவ்யதேசம் உள்ளது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே உலகளந்த பெருமாள் ஒரு திருவடியை ஓங்கவிட்டு, வலத் திருக்கையில் சங்கமும் இடத் திருக்கையில் சக்கரமுமாக, மரத்தாலான நெடிய திருமேனியோடு ஸேவை ஸாதிக்கிறார். பூங்கோதைத் தாயார் உடனுறைகிறார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் பத்தாம் திருமொழியை இவ்வெம்பெருமானுக்கு ஸமர்ப்பித்தார். ஸ்வாமி தேசிகன் தேஹளீச ஸ்துதி அருளினார்.

இத்திருக்கோலத்தைக் குலமுறையோடு சேர்த்துச் சேவித்தால் ஒரு நயம் தோன்றும். காச்யபருக்கும் திதிக்கும் பிறந்தவன் இரணியன். அவன் மகன் ப்ரஹ்லாதன், அவன் மகன் விரோசனன், அவன் மகன் மாவலி. வாமனனோ காச்யபருக்கும் அதிதிக்கும் நேரே பிறந்தவன். ஆகவே இரணியனுக்குத் தந்தை வழித் தம்பி. ப்ரஹ்லாதனுக்குச் சிறிய தகப்பனார். மாவலிக்குக் கொள்ளுப்பாட்டனார் முறை. உலகமெல்லாம் தன் உடைமையாயிருக்க, குலத்திலும் மூத்தவனாயிருக்க, கொள்ளுப்பேரன் முறையிலுள்ளவனிடம் சிறுபிள்ளையாய் வந்து மூவடி மண்ணுக்குக் கையேந்தி நின்றான். ஸௌலப்யத்துக்கு இதைவிட வேறு எல்லை வேண்டுமோ?

இரணியனைப்போல் மாவலியை அவன் கிழித்தெறியவும் இல்லை. தேவர்களின் செல்வத்தைக் கவர்ந்தது குற்றமாயினும் மாவலியிடம் ஈகை என்னும் குணம் இருந்தது. ப்ரஹ்லாதனின் பேரன் என்னும் தொடர்பும் இருந்தது. ப்ரஹ்லாதனின் சந்ததியாரைக் கொல்லேன் என்று வரமளித்திருந்ததால், மாவலியின் மகனான பாணனையும் கண்ணன் தோள்களை மட்டும் கழித்து உயிரோடு விட்டான் என்று ஸ்ரீபாகவதம் கூறும். விழுப்புரம் வட்டாரத்தில் பூவரசன்குப்பம், பரிக்கல், எண்ணாயிரம் என நரஸிம்ஹப் பெருமாள் ஸந்நிதிகள் பல உள்ளன. திதியின் மகனைப் பிளந்து பேரனைக் காத்த மூர்த்தியும், அப்பேரனின் பேரனைத் திருவடியால் ஆட்கொண்ட மூர்த்தியும் ஒரே நிலப்பரப்பில் எழுந்தருளியிருப்பது அடியார்களுக்கு ஒரு தொடர்பாடம்போல் அமைந்திருக்கிறது. ஒரு பக்தனின் தொடர்பு அவனுக்குப் பின்னுள்ளோரையும் காக்கும் என்பது அப்பாடம்.

பிருகு குலத்தையும் இங்கே பார்க்கவேண்டும். பிருகுவுக்கும் க்யாதிக்கும் தாதா, விதாதா என்னும் குமாரர்களும் ஸ்ரீமஹாலக்ஷ்மியும் தோன்றினர். ஆதலின் பிராட்டிக்குப் பார்கவி என்பது திருநாமம். விதாதாவின் குமாரர் மிருகண்டு. அவர் குமாரர் மார்க்கண்டேயர். அதாவது மிருகண்டு மஹர்ஷி பிராட்டிக்கு உடன்பிறந்தாரின் மகன். அவருடைய ஆச்ரமமே திருக்கோவலூர். மாவலியின் வேள்வியில் காட்டிய உலகளந்த திருக்கோலத்தைத் தாமும் காணவேண்டும் என்று அவர் இங்கே தவமிருந்து பெற்றார் என்பது தலவரலாறு.

அதே பிருகு குலத்தவர் சுக்ராசார்யர். தானம் வாங்க வந்தவன் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கொடாதே என்று மாவலியைத் தடுத்தார். கண்ணை இழந்தார் என்று கூறுவர். ஒரே குலம். ஒருவர் எம்பெருமானைத் தம் இல்லத்துக்கு வரவழைத்தார். மற்றவர் வந்த எம்பெருமானுக்குக் குறுக்கே நின்றார். கோத்ரம் ஒன்றே காக்குமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? அறிவும் காவாது, சுக்ரரைவிட அறிந்தவர் யார்? விலக்காமையே வேண்டுவது என்று இதனால் தேறும்.

6. குலமில்லாதவர்கள் கூடிய இடைகழி

மிருகண்டுவின் அந்த ஆச்ரமத்து இடைகழியில்தான் முதலாழ்வார்கள் மூவரும் கூடினர். கச்சித் திருவெஃகாவில் பொய்கைத் தாமரையில் ஐப்பசித் திருவோணத்தில் பொய்கையாழ்வார். கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் அவிட்டத்தில் பூதத்தாழ்வார். மயிலையில் கிணற்றில் மலர்ந்த செவ்வல்லியில் சதயத்தில் பேயாழ்வார். மூவரும் அயோநிஜர். அவர்களுக்குத் தாய் வயிறு இல்லை. தந்தை வழி இல்லை. சொல்லிக்கொள்ளக் கோத்ரமும் இல்லை.

மழையும் இருளுமான அவ்விரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான அவ்விடத்தில் ஒருவரையொருவர் இடம் கொடுத்து ஏற்றனர். நீ எக்குலம் என்று ஒருவரும் கேட்டிலர். அப்போது நான்காமவன் ஒருவன் வந்து நெருக்கினான். யாரென்று காண, பொய்கையார் பூமியை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தார் அன்பையே அகலாக்கி ஞானவிளக்கேற்றினார். பேயார் கண்டார், பிராட்டியோடு கூடிய திருமேனியைக் கண்டார். மூன்று திருவந்தாதிகள் பிறந்தன.

ரிஷியின் வீடு, ரிஷி வம்சத்தில் வாராத மூவர், ரிஷி வம்சத்தில் வாமனனாய் வந்து பிறந்த எம்பெருமான். அவன் தன் குலத்தாரைத் தேடி வேள்விச்சாலைக்குச் செல்லாமல், குலமற்றவர்கள் நின்ற இடைகழிக்கு வந்து நெருக்கினான். நெருங்குவதற்கு அவனுக்கு இருந்த உறவு யாது? பிள்ளை லோகாசார்யர் நவவித ஸம்பந்தத்தில் ஒன்பது உறவுகளை வகுத்தருளினார். பிதா–புத்ரன் முதலாவது. ரக்ஷகன்–ரக்ஷ்யம், சேஷி–சேஷன், பர்த்தா–பார்யை, அறியப்படுபவன்–அறிபவன், உடையவன்–உடைமை, தாரகன்–தார்யம், உடலுடையான்–உடல், அநுபவிப்பவன்–அநுபவிக்கப்படும் பொருள் என்பன மற்றவை. இவ்வொன்பதும் எல்லா ஆத்மாக்களுக்கும் எம்பெருமானோடு இயல்பாக உள்ளவை. காச்யபர் வழி வந்தவனுக்கு ஒன்று கூடுவதும் இல்லை. வாராதவனுக்கு ஒன்று குறைவதும் இல்லை.

7. இதனால் நாம் செய்யவேண்டுவது

இப்பாடம் கேட்பதற்கு இனியது, நடப்பதற்குக் கடினமானது. நடந்துகாட்டியவர் பெரிய நம்பி. ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேரி நம்பி தாழ்ந்த குலத்தில் பிறந்தவர் என்று உலகோர் கருதியவர். அவர் திருநாடு அலங்கரித்தபோது பெரிய நம்பி தாமே அவருக்குச் சரமகைங்கர்யம் செய்தார். ஊர் அவரை விலக்கியது. எம்பெருமானார் வந்து, இப்படிச் செய்தருளியது ஏன் என்று விண்ணப்பித்தபோது, பெரிய நம்பி எடுத்துக்காட்டியது ஜடாயுவைத்தான். பெருமாளைவிட அடியேன் உயர்ந்தவனோ, ஜடாயுவைவிட மாறனேரி நம்பி தாழ்ந்தவரோ என்பது அவர் திருவுள்ளம். ஒரு கழுகு காட்டில் ஓதிய குலமுறை, ஆயிரமாண்டுகளுக்கு முன் ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் ஈமக்கடனில் இப்படிப் பொருள் பெற்றது. பாகவதர்களின் பிறப்பை ஆராய்வதை மிகக்கொடிய அபசாரமாகப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் அருளிச்செய்ததும் இதுபற்றியே.

அப்படியாயின் கோத்ரம் சொல்லுவதை விட்டுவிடலாமோ எனின், அன்று. ரிஷிகள் நமக்கு வேதத்தைக் காத்துத் தந்தவர்கள். அவர்களை நினைப்பது நன்றிக்கடன். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இதற்கு நல்ல சான்று. அங்கே வேதமும் வ்யாகரணமும் மீமாம்ஸையும் வேதாந்தமும் பயின்ற மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். அவ்வூர்க் கோயிலிலேயே திருவாய்மொழி ஓதுவோருக்கும் நிவந்தம் இருந்தது. ரிஷிகள் கண்ட மொழியும் வேளாண்குலத்தில் அவதரித்த ஆழ்வார் அருளிய மொழியும் ஒரு கூரையின் கீழ் ஒலித்தன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. உபய வேதாந்தம் என்பது இதுவே.

ஆகவே அபிவாதனத்தில் ரிஷிகளைச் சொல்லும்போது, பெருமை கொள்ளாமல் நன்றி கொள்ளுவோம். சினத்தை விட்ட பராசரரையும், பகைவனுக்கு வரமளித்த புலஸ்த்யரையும், வந்தவனுக்கு வீட்டைத் திறந்த மிருகண்டுவையும் நினைப்போம். அவர்கள் வழியினர் என்பதற்கு அடையாளம் அக்குணங்களே. "ராமாநுஜ தாஸன்" என்னும்போது, எதிரில் நிற்பவரும் அவ்வாறே சொல்லுவாராயின் அவருடைய ஊரும் குலமும் நம் நினைவுக்கு வாராதிருக்கட்டும். நம் குழந்தைகள் கேட்டால், "எல்லோரும் ஒரு குடும்பம், தகப்பனார் நெடுமாலாய் நிற்கிறார், இடைகழியில் இடம் குறைவு, சற்று நெருங்கி நின்றால் அவரும் வருவார்" என்று சொல்லுவோம்.

சிந்தனைக்கு

1. ஸமஷ்டி, வ்யஷ்டி ஸ்ருஷ்டிகளில் ப்ரஜாபதிகளின் பங்கு எதில்? அவர்களுக்குள் நின்று படைப்பவன் யார்?
2. பராசரரின் வேள்வியை நிறுத்தியவர் யார்? வரமளித்தவர் யார்? வரமளித்தவரின் சிறப்பு யாது?
3. வாமனனுக்கும் மாவலிக்கும் உள்ள குலமுறை உறவை வரிசையாகச் சொல்லுக.
4. மிருகண்டு, சுக்ரர் இருவரும் ஒரே குலத்தவராயிருந்தும் வேறுபட்டது எதனால்?
5. பெரிய நம்பி ஜடாயுவின் வரலாற்றை எடுத்துக்காட்டியது எதற்காக? இன்று நம் ஸபைகளில் அதனை எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்?

உலகளந்த பெருமாள் திருவடிகளே சரணம்
முதலாழ்வார்கள் திருவடிகளே சரணம்
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்